மாயம்மாளின் நிரந்தர முகவரி

எண்பத்தேழாவது எபிசோடு ஒளிபரப்பான மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு, தொலைக்காட்சித் தொடரின் வேலைக்காரி மாயம்மாள் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, நாகல் நகரில், அந்தத் தொடரை எழுதும் நான்சியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். வந்தது நடிகை இல்லை. நடிகைக்குச் சென்னையில் சொந்த ஃபிளாட்டும் ஒரு நாய்க்குட்டியும் இருந்தன. வந்தது நான்சி எழுதிய மாயம்மாளேதான்: வயது நாற்பத்தாறு, சொந்த ஊர் அய்யலூர், இடது புருவத்தில் ஆட்டுக்கொம்பு கிழித்த தழும்பு, கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. கதவைத் திறந்த நான்சியின் அம்மா அன்னாள், யார் வேண்டும் என்று கேட்டாள். "யாரும் வேணாம்க்கா. இதான் என் விலாசம்" என்றாள் மாயம்மாள். அன்னாள் வெளியே வந்து கதவு எண்ணை ஒருமுறை பார்த்தாள். எண் சரியாக இருந்ததால், "செருப்ப வெளிய விட்டுட்டு வா" என்றாள்.

தவறு நான்சியுடையது. சென்னையில் இருக்கும் அந்தச் சேனல், தன் குற்றத்தொடருக்கு வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்லும். பெயர், வயது, சிறுவயதுக் காயம், நிறைவேறாத ஆசை, பயம், ரகசியம், நிரந்தர முகவரி. கடைசிக் கட்டம் எதற்கு என்று சேனலில் யாருக்கும் தெரியாது. வங்கிப் படிவத்தைப் பார்த்து யாரோ அடித்த படிவம் அது. காலியாக விட்டால் கணினி வாங்கிக்கொள்ளாது. காயத்தையும் பயத்தையும் யோசித்தே களைத்துப்போகும் நான்சி, முகவரிக் கட்டத்தில் தன் வீட்டு எண்ணையே எல்லாருக்கும் போட்டுவந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதுகலை வேறு. ஆனாலும் படிவத்தில் எழுதினால் ஆள் வந்து நிற்கும் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

தொடரின் கதை எளிமையானது. ஒரு மில் முதலாளி தன் பங்களா மாடிப்படியில் செத்துக் கிடக்கிறார். யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். யார் என்று எழுதுகிற நான்சிக்கே தெரியாது. அந்தச் சேனலின் வழக்கம் அப்படி: முதலில் பிணம், அப்புறம் டி.ஆர்.பி., கடைசியில்தான் கொலைகாரன். கிரியேட்டிவ் ஹெட் ஈஸ்வரன் வாரம் இருமுறை போனில் கூப்பிட்டு, "லேயர் பத்தல நான்சி, எல்லாருக்கும் லேயர் ஏத்து" என்பார். தொடரின் நாயகனான இன்ஸ்பெக்டர் இளஞ்செழியனை மட்டும் நான்சி தொடக்கூடாது. அவனை ஈஸ்வரனே எழுதினார்; படிவம் நிரப்புவது மட்டும் நான்சியின் வேலை. அவனுக்கு ஈஸ்வரன் கொடுத்த லேயர் ஒரு கறுப்புக் கண்ணாடி. "லேயருன்னா பரோட்டாவுக்குத்தானடி" என்று அன்னாள் கேட்டாள். ஆனாலும் மாயம்மாளுக்கு மட்டும் நான்சி அள்ளி அள்ளி ஏற்றினாள். அன்னாள் இருபது வருடமாக மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். ஒருமுறை ஒரு வீட்டில் மோதிரம் காணவில்லை என்று அவள் சேலை முந்தானையை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். மோதிரம் நான்காம் நாள் வாஷிங் மெஷினுக்குள் கிடைத்தது. அந்த வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மோதிரம் கிடைத்த மகிழ்ச்சியில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள், அன்னாளுக்கும் ஒன்று. அந்த லட்டை நான்சி அப்படியே மாயம்மாளுக்குள் வைத்து எழுதியிருந்தாள். அவள் முதலில் வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்த மூன்று வாரத்தில் மற்றவர்களும் வந்தார்கள். முதலாளியின் மனைவி சுகன்யா அழுதபடியே வந்தாள். அழுகையை நிறுத்தும் காட்சி இன்னும் எழுதப்படாததால் அழுதபடியே பல் துலக்கினாள், அழுதபடியே பக்கத்து வீட்டு அக்காவிடம் இட்லி மாவு கடன் வாங்கினாள். முதலாளியின் தம்பி பொன்னழகு ஒற்றைப் புருவத்தை உயர்த்தியபடி வந்தான். கடைசியாக இன்ஸ்பெக்டர் வந்தான். அவனை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் அன்னாளைத் தனியே கூப்பிட்டு, "யக்கா, சாருக்குப் பின்பக்கம் ஒண்ணுமே இல்லையேக்கா" என்றார். உண்மைதான். நூற்றுச்சொச்சம் எபிசோடிலும் அவனை முன்னாலிருந்தே எடுத்திருந்ததால் அவனுக்கு முதுகு இல்லை. திரும்பினால் சுவர்தான் தெரியும். அவன் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து, சுவரோரமாகவே உட்கார்ந்து பழகியிருந்தான். தெருவில் இதை இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. எபிசோடில் என்ன நடக்கிறதோ, அது ஒளிபரப்பாகும் நேரத்தில் இவர்களுக்கும் நடந்தது. தொண்ணூற்று நாலாவது எபிசோடில், கதை நகரவில்லை என்பதற்காக மாயம்மாளுக்குக் காய்ச்சல் வைத்தார்கள். மாலை ஏழு மணிக்கு ஒளிபரப்பு. ஏழு பத்துக்கு மாயம்மாளுக்கு நூற்றிரண்டு டிகிரி. அன்னாள் ஈரத்துணியை நெற்றியில் போட்டபடி மகளை ஏசினாள். "ஏன்டி, ஒரு பொம்பளையப் படுக்கப் போட்டுத்தான் உங்களுக்குக் கத நகரணுமா? எந்திரிக்க வச்சு எழுதுடி மொத." நான்சி அன்றைக்கே எழுந்திருக்க வைத்து எழுதினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினாள். பத்தாயிரம் பேர் வாழ்வைக் கையெழுத்தில் வைத்திருக்கும் பெரிய அதிகாரிகளுக்குக்கூட அந்தப் பழக்கம் இருப்பதாகத் தகவல் இல்லை.

பங்குனி மாதத்தில் ஈஸ்வரன் போன் செய்து, தொடரை முடிக்கப் போகிறோம், ஈஸ்டர் கழிந்த வெள்ளிக்கிழமை கடைசி எபிசோடு, பத்து நாளில் கொலைகாரனைக் கொடு என்றார். கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை, அதையும் திரையில் காட்டிவிட வேண்டும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாலு பேரில் ஒருவருக்கு அது உண்மையாகவே நடக்கும் என்பது நான்சிக்குத் தெரியும். நால்வரையும் உட்கார வைத்து, யார் தள்ளியது என்று கேட்டாள். நான் இல்லை என்று நால்வரும் சொன்னார்கள். "எழுதுற புள்ளைக்கே தெரியலையாம், எங்கள வந்து கேக்குது" என்று மாயம்மாள் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்க வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அன்னாளுக்கு வேறு கவலை. தவக்காலம் முடியப் போகிறது. வீட்டில் இருக்கிற யாரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அவள் வீட்டில் ஈஸ்டர் வந்ததில்லை. புனித வாரத்துப் புதன்கிழமை காலை நால்வரையும் குளிக்கச் சொல்லி, கோயிலுக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்திவிட்டாள். பங்குச்சாமி ஞானதாஸ் திகைத்தார். "இவங்கள்லாம் ஞானஸ்நானம் வாங்குனவங்களாம்மா?" என்று கேட்டார். "சீரியல்ல வாரவங்க சாமி. தெனம் ஏழு மணிக்கு ஊரே பாக்கப் பாவம் பண்ணுதுக. நீங்க கேக்காட்டி வேற யாரு கேப்பா?" என்றாள் அன்னாள். ஞானதாஸ் சாமியும் தினம் ஏழு மணிக்குப் பார்ப்பவர்தான். நேரே போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்தார்.

அந்தக் கோயிலில் பெண்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. தொட்டியை விட்டு வருகிறவர் சாமி கொடுத்த அபராத செபத்தை முழங்காலிட்டுச் சொல்லி முடிக்கும்வரை, பின் பெஞ்சில் இருப்பவர்கள் செபமாலை உருட்டுவதுபோல நேரம் பார்ப்பார்கள். எழுந்திருக்க எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு பாவம். யாருக்கு மருமகளோடு சண்டை, யார் பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பங்கில் இப்படித்தான் தெரியவரும். அன்னாள் இதில் கைதேர்ந்தவள். மாயம்மாளுக்கு மூன்று அருள் நிறைந்த மரியே. செபம் தெரியாததால் அன்னாளே பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். சுகன்யாவுக்குக் கால் மணி நேரம். பொன்னழகுக்கு முக்கால் மணி. மில் கணக்கில் ஏதோ செய்திருப்பான் என்று அன்னாள் விட்டுவிட்டாள். இன்ஸ்பெக்டர் பத்தரைக்கு முழங்காலிட்டான். பெண்கள் மதியச் சோற்றுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள்; அவன் எழவில்லை. கோயில்பிள்ளை மறுநாள் பெரிய வியாழன் பூசைக்காக அவனைச் சுற்றியே கூட்டிப் பெருக்கி, அவனைச் சுற்றியே பாய் விரித்தார். மூன்று மணிக்கு அன்னாள் மகளுக்குப் போன் போட்டாள். "அடியே, ஓடியா. ஆளு கெடச்சுட்டான்."

நான்சி ஓடிவந்து ஞானதாஸ் சாமியிடம் கேட்டாள். "அதுல கேட்டத நான் சொல்லக்கூடாதும்மா" என்றார் அவர். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா கோயில் பூட்டுறதுக்குள்ள அவர எழுப்பிக் கூட்டிட்டுப் போ, கால் மரத்துரும்" என்றார். ஐந்தரைக்கு அவன் எழுந்தபோது அவனுக்கு முதுகு இருந்தது. சட்டை அதில் வியர்த்து ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, சுவரை விட்டு விலகி நடுக்கூடத்தில் உட்கார்ந்து, முழங்காலுக்கு அன்னாள் தேங்காயெண்ணெய் தேய்க்க, அவனே சொன்னான். அந்த மில்லின் பெண் தொழிலாளர் விடுதியில் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று செத்தபோது, முதலாளி சொன்னபடி, வயிற்றுவலி தாங்காமல் செத்தாள் என்று எழுதி வழக்கை மூடியவன் அவன். "ரெண்டாவது பிள்ளைக்கும் அதையே எழுதச் சொன்னாருங்க. மாடிப்படியில நின்னு, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு" என்றான்.  இந்த ஜில்லாவில் எத்தனை பெண்களுக்கு வயிற்றுவலி வந்திருக்கிறது என்று நான்சிக்கே தெரியும். அன்றே உட்கார்ந்து முழுதாக எழுதி அனுப்பினாள்.

ஈஸ்வரன் பதினொரு நிமிடத்தில் கூப்பிட்டார். "ஹீரோ கொலை பண்ணுவானா? வெளம்பரம் குடுக்குற சோப்புக் கம்பெனிக்காரன் ஒத்துக்குவானா? வேலைக்காரிய வை நான்சி. நகைக்கு ஆசப்பட்டுத் தள்ளிட்டா. ஆடியன்சுக்கு ரிலேட் ஆகும்."

"எங்கம்மா மூணு வீட்டுல பாத்திரம் தேய்க்குது சார். யாருக்கு ரிலேட் ஆகும்?"

"சூப்பர்! இந்தக் கோவத்த அப்படியே மாயம்மா டயலாக்ல வச்சிரு."

நான்சி போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை என்று மெயில் வந்தது, வாழ்த்துகளோடு. கடைசி எபிசோடைச் சேனலிலேயே நாலு பேர் சேர்ந்து ஒரு மத்தியானத்தில் எழுதினார்கள், கொலைகாரி வேலைக்காரிதான். படப்பிடிப்பு முடிந்த செய்தியும் வந்தது. மாயம்மாளிடம் யாரும் சொல்லவில்லை, அவளே புரிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை மதியமே குளித்து, கட்டைப்பையில் இரண்டு சேலையும் ஒரு சோப்பும் வைத்துக்கொண்டாள். இளஞ்செழியன் காலையிலேயே காவல் நிலையம் போய்ச் சரணடையப் பார்த்தான். கொலை நடந்த பங்களா எந்த லிமிட்டில் வருகிறது என்று கேட்டார்கள். சேனலில் என்றான். அப்படியானால் சென்னை லிமிட், அங்கே போங்க என்று, சல்யூட் அடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஏழு மணிக்குத் தெருவே அன்னாள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. திரையில் பங்களா வந்தது. சந்தேகப்பட்டவர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கூடத்தில் மாயம்மாள் இரண்டு கைகளையும் மடியில் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்க கொண்டுபோனாலும் நேரத்துக்குச் சோறு குடுப்பாகல்லக்கா?" என்று கேட்டாள். அன்னாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விளம்பரம் விட்டபோது இளஞ்செழியன் எழுந்தான். "வாரேங்கக்கா" என்று அன்னாளிடம் சொல்லி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். விளம்பரம் முடிந்தபோது அவன் திரையில் இருந்தான், அதே செருப்போடு. அங்கே ஏற்கெனவே அவன் வேடத்தில் நின்றிருந்த கறுப்புக் கண்ணாடிக்காரரைத் தோளைத் தொட்டு ஓரமாக நிற்கச் சொன்னான். வேலைக்காரியின் கையில் விலங்கு மாட்டியாகிவிட்டது. கூடத்தில் மாயம்மாளின் மணிக்கட்டிலும் சிவப்பாக வளையம் விழுந்துவிட்டது. அவன் சாவியைப் போட்டு விலங்கைக் கழற்றித் தன் கையில் பூட்டிக்கொண்டான். காமிராவைப் பார்த்து, விடுதியில் செத்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும் வயதையும் சொன்னான். "ரெண்டு பேருக்கும் வயித்துவலி இல்ல" என்றான். பிறகு நடந்து போனான். சேனலில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார்களாம், படம் நிற்கவில்லை. சோப்பு விளம்பரம் தானாக ஓடியபோதுதான் நின்றது. மாயம்மாள் மணிக்கட்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உசுரு இருக்குக்கா" என்றாள். அன்னாள் அழுதாள். சுகன்யா அழுகையை நிறுத்தினாள்.

அந்த எபிசோடு அந்த ஆண்டின் உச்ச டி.ஆர்.பி.யைத் தொட்டது. அடுக்கடுக்கான பாத்திர வார்ப்புக்காக ஈஸ்வரனுக்கு விருது கொடுத்தார்கள். இந்த முடிவை ஆறு மாதமாக மனதில் வைத்திருந்ததாக மேடையில் சொல்லிக் கண் கலங்கினார். இளஞ்செழியன் திரும்பி வரவில்லை. ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருடமா இருபதா என்று அன்னாள் ஞானதாஸ் சாமியிடம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். சுகன்யாவும் பொன்னழகும் சேர்ந்து நாகல் நகரிலேயே ஜாக்கெட் தைக்கும் கடை போட்டார்கள். நான்சி ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாள்; பதவிப் பெயரில் கௌரவம் இருக்கிறது. மாயம்மாளுக்கு ரேஷன் கார்டில் பெயர் ஏற்றப் பதினொரு மாதமும் ஆறு மனுவும் ஆயின. கதையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வர அவளுக்கு ஒரு பஸ்தான் ஆகியிருந்தது. இப்போது அதிகாலையில் பூ மார்க்கெட்டில் பூக்கட்டப் போகிறாள்.

அந்த ஏழு மணிக்கு இப்போது வேறு தொடர் ஓடுகிறது. ஒரு கல்லூரி உரிமையாளர் நீச்சல் குளத்தில் மிதக்கிறார். மூன்றாம் வாரத்திலேயே எல்லாரும் டிரைவரை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவனுக்கு ஒரு தங்கச்சி, கடன், நல்ல குரல். போன வாரம் மாயம்மாள் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஒரு புதுப் பாயும் தலையணையும் வாங்கி வந்து கூடத்து மூலையில் போட்டாள். யாருக்கு என்று அன்னாள் கேட்கவில்லை. உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள்.