எம்பிராய்டரி மெஷினுக்கு ஒரு கெர்னல்

மெஷினை ஏற்றிப்போக டீலர் வெங்கிடேஷ் மினி லாரியோடு வந்தபோது, ஃபிதா மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மோளே, கொஞ்சம் தள்ளி இரு. ஆளுங்க வந்தாச்சு," என்றார் வெங்கிடேஷ்.

"வந்தவங்க சாயா குடிச்சிட்டுப் போகட்டும்."

கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் அண்ணன் அன்சார் நடத்தும் எம்பிராய்டரி கடையில் இருந்தது அந்த ஒரே மெஷின். அதைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ள அன்சார் சம்மதித்துவிட்டான். மெஷினை ஓட்டும் பழைய கணினியைக் கம்பெனி கைகழுவிவிட்டது. அதிலிருந்த மென்பொருளின் உரிமம் முடிந்த நாளிலிருந்து ஊசி அசையவில்லை. புதிய மெஷினோ கம்பெனி விற்கும் டிசைன்களை மட்டுமே தைக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வந்து கேட்ட கொடியும் பூவும் ஃபிதா வரைந்தவை. அவை இனி வேண்டாம் என்பதுதான் அந்தச் சம்மதத்தின் பொருள்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவள், அனுமதி கேட்கும் பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டாள். கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸைப் போடப் பார்த்தாள்; ஆயத்தமாகக் கிடைக்கும் எதுவும் அந்தப் பழைய கணினியில் ஓடவில்லை. சரி, மூல நிரலை இறக்கித் தானே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தாள். கணினியில் இடம் உள்ளங்கை அளவு. வேண்டாததை எல்லாம் கழித்துக் கழித்து, தன் லேப்டாப்பில் லினக்ஸின் அடித்தளமான கெர்னலைக் கட்டினாள்.

அதைக் கணினியில் ஏற்றி இப்போது ஸ்விட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் வரிகள் சரசரவென ஓடி, பாதியில் செத்து நின்றன. டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை என்றது கடைசி வரி.

"தீர்ந்தது," என்றார் வெங்கிடேஷ். "பிரேதத்துக்கு ஊசி போட்டா எழும்புமா?"

ஃபிதா திரையையே முறைத்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். டிஸ்க்கைத் திறக்கும் நிரலான டிரைவரை, இடம் மிச்சம் பிடிப்பதற்காகக் கெர்னலில் சேர்க்காமல், அதே டிஸ்க்குக்குள் தனியே வைத்திருந்தாள்.

"இக்கா, சாவிய பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன். நான்தான் மண்டு, மெஷின் இல்ல," என்றாள் பக்கத்தில் நின்ற அண்ணனிடம்.

டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்த்து மறுபடி கட்டவிட்டாள். மாறியதை மட்டும் கட்டினால் போதும். சாயா ஆறுவதற்குள் முடிந்தது. இந்த முறை டிஸ்க் திறந்தது, வரிகள் கடைசிவரை ஓடின. தன் டிசைன் ஒன்றை அனுப்பினாள்.

ஊசி அசையவில்லை.

வெங்கிடேஷ் சிரித்தே விட்டார். "கண்டோ?"

அன்சார் திரையருகே குனிந்தான். "இது என்னடி சொல்லுது?"

"மெஷினுக்குப் போற சீரியல் போர்ட்டக் காணோம்ங்குது. அதையும் நான்தான் கழிச்சு விட்டிருக்கேன்."

"எது இல்லைன்னு இதுவே பறயுமா?"

"பின்ன? மறைக்கிறதுக்கு இதுக்கு யாரு சம்பளம் கொடுக்குறா?"

அன்சார் நிமிர்ந்தான். "சேட்டா, உங்க கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர் இத்தன வருஷத்துல எங்கிட்ட பேசின ஒரே பேச்சு, 'டீலரைக் கூப்பிடு.' வண்டிய எடுங்க."

"அன்சாரே, ஊசி ஓடலையேடா! நாளைக்கு எங்கிட்டதான் வந்து நிப்பே."

"நின்னா அப்போ பேசலாம்."

லாரி பின்னோக்கி முனகிக்கொண்டே சந்திலிருந்து வெளியேறியது. ஃபிதா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீரியல் போர்ட்டைச் சேர்த்து மீண்டும் கட்டவிட்டாள். பாதியில் புதுப் பிழை ஒன்று எட்டிப் பார்த்தது.

"வா," என்றாள் அந்தப் பிழையிடம், விரலைச் சொடுக்கி.

அன்சார் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினான்.