ஒன்றுக்குப் பின் பத்து

காலத்தை வென்றவர்கள் என்று சரித்திரம் சிலரைச் சொல்லும். கோட்டை கட்டியவர்கள், ஏரி வெட்டியவர்கள், கல்லில் பேர் பொறித்தவர்கள். அந்த வரிசையில் இசைவாணி வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்துக்குச் சேர்ந்துகொண்டாள். ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் அடிக்கிற கம்பெனியில் அவள் ஒப்பந்த ஊழியர். கையில் இருந்த ஆயுதம் அறுபத்தோரு வரிக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட். அதிலும் பதினெட்டு வரி இணையத்தில் யாரோ புண்ணியவான் எழுதிப் போட்டது.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டில் கீல் அடிக்கிற மூன்றாம் நம்பர் ப்ரெஸ் மெஷின் இருபத்திரண்டு நிமிடம் நின்றுபோனது. ஆபரேட்டர் அப்பாவு இடத்தை விட்டுப் போனதால்தான் மெஷின் நின்றது என்று ப்ளாண்ட் ஹெட் வேதாந்தம் தன் கைப்படவே ரிப்போர்ட் எழுதினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என்கொயரி. குற்றம் நிரூபணமானால் பத்தொன்பது வருஷ வேலை போகும். அப்பாவு போனது உண்மைதான். கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த கங்கம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய, ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரில் ஒரு பக்கம் தூக்கினார். "ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு உடனே ஓடியாந்தேன் மேடம். வந்தப்பவே மெஷின் நின்னுகினு இருந்துச்சு," என்பது அவர் கட்சி. கங்கம்மாள் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

கேமராப் பெட்டி பதிகிற வீடியோ வேறெந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்காது. என்கொயரிக்கு வருகிற வக்கீலின் லேப்டாப்பில் ஓட வேண்டுமென்றால் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு கேமரா போதும். "உண்மை முழுமையா வேணும்மா," என்றார் வேதாந்தம். முழுமை என்றால் இருபத்துநாலு கேமரா. ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஆறு நாள்.

அதனால்தான் ஸ்கிரிப்ட். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் ஏற்கெனவே இருந்தது; இவள் எழுதியது அதற்கு மேல் உட்கார்ந்து வேலை வாங்குகிற மேஸ்திரி. ஒவ்வொரு வீடியோவையும் பத்துப் பத்து நிமிடத் துண்டாக வெட்டும். பயிற்சி அறையில் சும்மா கிடந்த பதினாறு கம்ப்யூட்டருக்கும் துண்டுகளைப் பங்குபோடும். எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றி முடித்ததும் வாங்கி ஒட்டித் தரும். அவள் அதற்கு வைத்த பெயர் 'ரன் டூ ஃபைனல் நியூ'. வேதாந்தம் வைத்த பெயர் 'காலச்சக்கரம்'. வைத்த கையோடு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, நம்ம ப்ளாண்டில் காலச்சக்கரம் சுழல ஆரம்பித்துவிட்டது என்றும் சொல்லிவிட்டார்.

"கீழ வலது மூலையில கம்பெனி சின்னம் வரணும். வக்கீல் வெளியாளு. நாம யாருன்னு அவருக்குத் தெரியணும்."

போட்டாள். சின்னதாய் இருக்கிறது என்றார். இரண்டு மடங்கு ஆக்கினாள். கேமரா தானாகப் போடுகிற மணியும் அந்த மூலையில்தான். அது சின்னத்துக்கு அடியில் போனது.

பயிற்சி அறையில் பதினாறு நாற்காலியும் காலி. திரைகள் அணைந்திருந்தன. இரைச்சல் மட்டும் ஒரே மூச்சாய் ஏறும், எல்லாம் சேர்ந்து இறங்கும், ஒரு நொடி நிற்கும், மறுபடி ஏறும். யாரோ பதினாறு பேர் கண்ணை மூடிக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கேமரா அறைக் காவலர் தாவீது டீயோடு வந்தபோது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் கேமராவை ஓட்டினார்கள். மூன்றாம் ப்ரெஸ், அப்பாவு, பக்கத்தில் கூரைத் தகட்டின் கண்ணாடி வழியாகத் தரையில் விழுந்த மங்கிய வெளிச்சம். ஓடிக்கொண்டே இருந்தபோது அந்த இடத்தில் பளீரென்று வெயில் வந்து குதித்தது.

"இன்னா மேடம், வெயிலு குதிக்குது?"

"மேகம் விலகியிருக்கும்ணா."

"மேகம் விலகுனா மெல்ல வெளுக்கும். குதிக்குமா?"

திரையில் கங்கம்மாளை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைமாட்டில் அப்பாவு. தாவீது தொப்பியைக் கழற்றினார். முந்தாநாள் இறந்தவள். நேற்று வாலாஜாபாத்தில் அவள் வீட்டுக்கு இவர்கள் இருவரும் போய் மாலை போட்டுவிட்டு வந்தார்கள்.

வேகமாக ஓட்டினாள். தரையிலிருந்த வெயில் காணாமல் போனது. விடிகாலை வெளிச்சம். கங்கம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்தாள்.

மெதுவாகப் பெருக்கினாள். ப்ரெஸ்ஸின் அடியில் கிடந்த இரும்புத் தூளைக் குனிந்து கூட்டினாள். நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"ஸ்தோத்திரம்," என்றார் தாவீது. "ஸ்தோத்திரம். மேடம், அத்த நிறுத்து."

"நிறுத்திட்டேன்ணா."

"நிறுத்துனா அப்டியே நம்மளையே பாத்துகினு கீது. ஓட்டு."

ஓட்டினாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். அதே இடம், அதே நொடி: தூக்கிக்கொண்டு போகிறார்கள், திரும்பி வருகிறாள். வேறு கேமராவைத் திறந்தாள். கேன்டீனில் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தவர்கள் காலை இட்லிக்கு வரிசையில் நின்றார்கள். யார் முகத்திலும் கலவரமில்லை.

வேதாந்தம் வந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாமெல்லாம் சயின்ஸ் படிச்சவங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை," என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்பினார். நாலு மணிக்குள் பதினாறு கம்ப்யூட்டருக்கும் குங்குமப் பொட்டு, தலைக்கு ஒரு பழம். வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதி சர்வர் மேல் தூவப்பட்டது. பூசணிக்காயை உள்ளே உடைக்கத் தீயணைப்பு விதி இடம் தராததால் வாசலில் உடைத்தார்கள். தாவீது ஒரு ஓரமாக நின்று தன் பங்குக்குப் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொன்னார்.

"நாளைக்கு வீடியோ வேண்டாம்," என்றார் வேதாந்தம். "இறந்தவங்க சம்பந்தப்பட்டது. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. எழுத்துல ரிப்போர்ட் இருக்கே, அது போதும்."

அவர் போன பிறகுதான் கதவோரம் அப்பாவு நிற்பது தெரிந்தது.

"மேடம், அந்த வீடியோ வுட்டா எனக்கு வேற சாட்சி இல்ல."

"தெரியும்ணா."

"கங்கம்மா அக்கா அதுல திரும்பி வருதாமே?"

"ம்."

"என்னைப் பத்தி எதுனா சொல்லுதா?"

"சத்தம் பதியலைண்ணா."

அவர் தலையாட்டினார். அதுவும் நியாயம்தான் என்பதுபோல.

அவர் போனதும் இசைவாணி விசைப்பலகையில் சிந்தியிருந்த குங்குமத்தைத் துடைத்தாள். துடைக்கிற வேகத்தில் எதையோ தட்ட, ஒட்டிய துண்டுகளின் பட்டியல் திரையில் வந்து நின்றது. ஒன்று. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. அப்படியே பத்தொன்பது வரை. அதற்குப் பிறகு இரண்டு.

துண்டுகளுக்கு அவள் ஒன்று, இரண்டு என்று வெறும் எண்ணைப் பெயராக வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் கோப்புப் பெயரை எண்ணாகப் படிக்காது. அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி அடுக்கும். ஒன்றில் தொடங்குகிறதெல்லாம் முடிந்தபின்தான் அதற்கு இரண்டு. எட்டு மணி நடந்து முடிந்தபின் ஆறு பத்து வரும். கங்கம்மாள் திரும்பி வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எப்போதும்போல் வேலைக்கு வந்திருந்தாள், அவ்வளவுதான்.

கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகள் செய்து, திட்டு வாங்கித் திருந்துகிற தப்பு. அவள் எம்.சி.ஏ. ஒப்பந்தம் புதுப்பிக்கிற கையெழுத்து மாதக் கடைசியில் வேதாந்தம் போட வேண்டும். பேய் என்றே விட்டுவிட்டால் யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. பேயை யாரும் மெமோ கொடுத்துக் கூப்பிடுவதில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பதினாறு பழங்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒற்றை இலக்க எண்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்தாள்; பூஜ்யம் இரண்டு இனி பத்துக்கு முன்னால் நிற்கும். வரிசையை நிரூபிக்க மணி வேண்டுமே என்று சின்னம் போடுகிற வரிகளையும் தூக்கினாள். ஓடவிட்டாள். இரைச்சல் ஏறியது, இறங்கியது. இப்போதும் மயிர்க்கூச்செறிந்தது.

வெள்ளிக்கிழமை என்கொயரியில் வக்கீல் ரிப்போர்ட்டைப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"வீடியோ இருக்கு சார். பேய் கீய் எதுவுமில்ல. துண்டை வரிசை மாத்தி ஒட்டுனது நான்தான்."

"நேத்து பூஜை பண்ணோம். அதுக்கப்புறம் சரியாயிடுச்சு," என்று வேதாந்தம் வக்கீலுக்கு விளக்கினார். "பட், இப்ப அது தேவையில்லையே."

"இருக்குன்னா பார்த்துடுவோம்," என்றார் வக்கீல்.

ஆறு பத்துக்குக் கங்கம்மாள் பெருக்கினாள், முகத்தைத் துடைத்தாள், பார்த்தாள். எட்டு மூன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் வெயில் ஒழுங்காக நகர்ந்தது. எட்டு எட்டுக்கு அப்பாவு ஓடிவந்தார். அப்போது மெஷின் நின்றுதான் இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவு அதைக் கவனிக்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க மேடம்," என்றார்.

ஒன்பது மணி வரை ஓட்டினாள். கங்கம்மாள் திரும்பி வரவில்லை. அப்பாவு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூலைல யாரு?" என்றார் வக்கீல். "எட்டு அஞ்சுக்குப் போங்க."

சின்னம் இருந்த இடத்தில் இப்போது மணியும், ப்ரெஸ்ஸின் முன்னால் நிற்கிற இரண்டு மஞ்சள் கம்பங்களும் தெரிந்தன. கம்பங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். ஆபரேட்டர் கை நசுங்காமலிருக்க வைத்தது. எதுவாவது குறுக்கே வந்தால் மெஷின் நிற்கும், விலகினால் ஓடும். எட்டு ஐந்துக்கு வேதாந்தம் அங்கே வந்து, கம்பங்களை ஒட்டி நின்று, மெஷின் நின்றதும் கையை நீட்டி நீட்டிப் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லி எல்லாரையும் விரட்டினார். எட்டு இருபத்தேழுக்குப் போன் வந்து நகர்ந்தார். மெஷின் ஓடியது.

இருபத்திரண்டு நிமிடமும் அந்த ஒளிக்குக் குறுக்கே இருந்தது வேதாந்தம் சாரின் வயிறு.