வலைக்குத் தலைவர் யார்?

செய்கு அலாவுதீனுக்குத் துபாயின் தேரா கடைத்தெருவில் கைபேசிக் கடை உண்டு. ஆனால் அவருடைய தொழில் தலைவராக இருப்பது. அஜ்மான் தமிழர் சங்கத்துக்கு மூன்று தடவையாக அவர்தான் தலைவர். இம்முறை செயலாளர் சீதாராமனும் போட்டியிடப் போவதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பேராசிரியர் ஹால்வர்சன் சிக்கினார். அமெரிக்கக் கிழவர். கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலத்தில், எப்படிப் பேச வேண்டும் என்று விதி எழுதிய கூட்டத்தில் ஒருவர். மாநாட்டுக்குத் துபாய் வந்தவரை அலாவுதீன் அலாக்காகத் தூக்கிவந்துவிட்டார். 'இன்டர்நெட்டின் தந்தையே வருக!' என்று பேனர். அதில் தந்தை தபால்தலை அளவு. வரவேற்கும் தலைவர் ஆளுயரம்.

விழா முடிந்த கையோடு அதே மண்டபத்தில் தேர்தல். இன்டர்நெட்டையே கூட்டிவந்தவருக்கு எதிராக எவன் கை தூக்குவான்?

முதலில் பொன்னாடை. நகைக்கடைக்காரர், டிராவல்ஸ்காரர், பிரியாணி உபயதாரர், அவருடைய மச்சான் என்று வரிசையாகப் போர்த்தியதில் பேராசிரியரின் மூக்குக்கண்ணாடி மட்டுமே வெளியே மிஞ்சியது.

மொழிபெயர்க்க மகள் நஜீஹா. அலாவுதீன் மைக்கைப் பிடித்தார்.

"தலைமை சரியில்லாட்டி எதுவும் உருப்படாது. சாரோட கூட்டத்துக்குத் தலைவரா இருந்த மகான் யாரு? கேளும்மா."

கிழவர் சிரித்துக்கொண்டே நெடுநேரம் பேசினார்.

"வாப்பா, தலைவரே கிடையாதாம்."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டுட்டேன். முக்காவாசிப் பேரு படிக்கிற பசங்களாம். ஆளுக்கொரு யோசனைய எழுதி, கருத்துச் சொல்லுங்கன்னு எல்லாருக்கும் அனுப்புவாங்களாம். நெட்வொர்க்குக்கும் நடுவுல ராஜான்னு யாரும் இல்லையாம். ஒரு வழி அடைச்சா தகவல் வேற வழியாப் போயிருமாம். ஒரே ஒரு தலைய நம்பியிருந்தா, அது படுத்தா மொத்தமும் படுத்துருமாம்."

"மெதுவாச் சொல்லு புள்ள, மைக் இருக்கு!"

"மைக்லதான் வாப்பா சொல்றேன்."

ஜெபல் அலி குடோனிலிருந்து பிரியாணிக்காக வந்திருந்த வைரவன் விசிலடித்தார். தனக்கு ஓட்டுத் தேறாது என்று மாலையே கணக்குப் போட்டிருந்த சீதாராமன் துள்ளி எழுந்தார்.

"பெரியவரே சொல்லிட்டார்! தலைவர் பதவியை இந்த நிமிஷமே ஒழிக்கணும்னு முன்மொழியறேன்."

மண்டபமே கை தூக்கியது. மரியாதைக்குப் பேராசிரியரும் தூக்கினார்.

அலாவுதீன் வெல்வெட் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். முன்வரிசையிலிருந்து மனைவி ஹாலிதா சைகை காட்டினாள்.

"அதான் எல்லாம் முடிஞ்சு கலாஸ் ஆயிருச்சுல்ல. யல்லா, வீட்டுக்கு வாங்க."

எழுந்தார். அப்போது வைரவன் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஒழிச்சது சரி. சட்டத்த மாத்தணும், பேனர அவுக்கணும், பேங்குல கையெழுத்து மாத்தணும். இதையெல்லாம் யாருண்ணே பாக்குறது?"

"குழு போடுவோம்," என்றார் சீதாராமன்.

"குழுன்னா அதுக்கு ஒரு தலைவர் வேணுமில்ல?"

சீதாராமன் அடக்கமாகத் தலைகுனிந்து, கழுத்தைப் பொன்னாடைக்குத் தோதாக நீட்டினார்.

"அனுபவம் உள்ள ஆளுன்னா அலாவுதீன் பாய்தான்," என்றார் வைரவன்.

பாய் முறைப்படி இரண்டு தடவை மறுத்து, மூன்றாவது தடவை மக்கள் விருப்பத்துக்குத் தலைவணங்கினார். புதுச் சால்வை கைவசம் இல்லாததால் பேராசிரியர் மேலிருந்து ஒன்றை உருவிப் போர்த்தினார்கள். தலைவர் பதவிக்கு இரண்டே ஆண்டுதான். தலைவர் பதவி ஒழிப்புக் குழுவுக்குக் காலவரையறை இல்லை.

கொஞ்சம் காற்று கிடைத்த கிழவர், என்ன முடிவாயிற்று என்று நஜீஹாவிடம் விசாரித்தார்.

அன்றைக்கு முதல் தடவையாக அவள் மொழிபெயர்ப்பில் பொய் கலந்தாள்.

"நீங்க சொன்னதை அப்படியே ஏத்துக்கிட்டாங்க, சார்," என்றாள் ஆங்கிலத்தில்.