பேசாத பேச்சுக்கு வந்த தம்ரூட்

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு ரஹ்மத் பீவி ஒரு தூக்குச்சட்டி நிறையத் தம்ரூட் இனிப்போடு வந்து நின்றபோது, அது எதற்கென்று பிரகதீஸ்வரிக்கு விளங்கவில்லை. ரவையும் முட்டையும் நெய்யும் மணக்க மணக்க, மூடியைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார் அந்த அம்மாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு ஈஸ்வரி. உனக்குன்னே புது நெய் வாங்கிச் செஞ்சது."

"எதுக்குக்கா இவ்வளவு?"

"எதுக்கா? அம்மாம் பெரிய சபையில எம் புள்ளைக்காக வாயைத் தொறந்தியே, அதுக்கு!"

பிரகதீஸ்வரிக்கு ஜெனீவாவில் இந்தியத் தூதுக்குழுவில் வேலை. மனித உரிமைக் குழுக்கள் கூடும்போது நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். தலைநகரம் ஒப்புக்கொண்ட வாசகத்தைப் படிப்பாள். மற்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வாள். இரண்டு வாரம் விடுப்பில் நன்னிலம் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்திருந்தாள்.

ரஹ்மத் பீவியின் மகன் முபாரக் வளைகுடா நாடு ஒன்றில் டிரைவர். வேறு வேலைக்கு மாறக் கேட்டான் என்பதற்காக, ஓடிப்போனவன் என்று அவன் முதலாளி போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் முதலாளியிடம், பையன் தடுப்பு முகாமில். ஐந்து மாதமாயிற்று. அந்த நாட்டின் மனித உரிமை நிலவரத்தைப் பற்றி நவம்பரில் ஜெனீவாவில் கூட்டம் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், முபாரக்கின் விவரத்தை எல்லாம் அப்பா பஞ்சநதம்தான் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

"நாங்கதான் பார்த்தோமே!" என்றார் பஞ்சநதம், மகளை முந்திக்கொண்டு. "நூர்ஜஹான் கடையில போனை நிறுத்தி வச்சு அந்தக் கூட்டத்தை நேரலையா இருபது பேர் பார்த்தோம். மைக்குல செவப்பு லைட்டு எரியுது, இவ பேசுறா. எதிர்ல அந்த நாட்டுக்காரன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அவர் மூஞ்சியே அப்படித்தாம்ப்பா."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். பார்த்த இருபது பேரில் ஒருவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. தெரிந்த கூட்டம் ஒன்றுதான், மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். அங்கே எழுந்து நிற்கிற யாரும் உலகத்துக்குப் பொதுவாகப் பேசுவதில்லை. அவரவர் வாய்க்காலுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்றுதான் பேசுவார்கள். ஆகவே நம்மூர்ப் பெண் எழுந்து அந்த நாட்டைப் பார்த்துப் பேசினால், அது நம்மூர்ப் பையனைப் பற்றித்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

"நீ பேசி மூணாம் வாரம் அவன் போன் பண்ணினாம்மா," என்றார் ரஹ்மத் பீவி. "யாரோ கூட இருக்கிறவர் போனைக் கொடுத்தாராம். எல்லாம் நீ பேசினதாலதான். அப்புறம் நான் கலெக்டர் ஆபீசுக்குப் போறதையே விட்டுட்டேன். பெரிய இடத்துல சொல்லியாச்சு, இனிமே திங்கக்கிழமை திங்கக்கிழமை மனுவைத் தூக்கிக்கிட்டு எதுக்கு அலையணும்னு."

"எத்தனை வாரமாக்கா போகலை?"

"ஏழு வாரம் இருக்கும்."

பிரகதீஸ்வரி கையில் எடுத்த தம்ரூட் துண்டு அப்படியே இருந்தது.

நடந்தது வேறு. அன்று ஒவ்வொரு நாட்டுக்கும் எழுபது வினாடி. தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டை முதலாளிகள் பிடித்துவைப்பதைப் பற்றி ஒரே ஒரு வரி பேச அனுமதி இருந்தது. யார் பெயரையும் சொல்லக் கூடாது, அந்த ஒரு வரி மட்டும். அதை எந்த இடத்தில் வைப்பது என்பது அவள் விருப்பம். எதிரில் இருப்பவர் மனம் கோணக் கூடாதே என்று பாராட்டுகளை முன்னால் அடுக்கி, அதைக் கடைசியில் வைத்தாள். பாராட்டு முடியுமுன் எழுபது வினாடி தீர்ந்து மைக் அணைந்துவிட்டது. இடைவேளையில் அந்நாட்டுப் பிரதிநிதி ஹம்தான் அருகில் வந்து, "கடைசியில் இன்னும் ஒரு வரி சொல்ல வந்தீர்களே?" என்று மரியாதையாகக் கேட்டார். "முக்கியமான ஒன்றுமில்லை," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். சங்கடம் ஒன்று தானாகவே கழிந்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட.

இப்போதும் ஒன்றும் சொல்லாமல் தம்ரூட்டைத் தின்றுவிடலாம். அந்த அம்மாள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். அடுத்த திங்கட்கிழமையும் வீட்டிலேயே இருப்பார். பொய் சொல்லாமலே ஒருவரைப் பொய்யில் உட்கார்த்தி வைப்பதும் பாவம்தான் என்று அவள் மனம் சொல்லிற்று.

"அக்கா, நான் பேசலை," என்றாள்.

நடந்ததை எல்லாம் சொன்னாள். ஹம்தானிடம் சிரித்ததையும் விடவில்லை. பஞ்சநதம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுவது வினாடியில எம் புள்ளைக்கு ஒரு மூச்சு இல்லையா ஈஸ்வரி?" என்றார் ரஹ்மத் பீவி.

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிறகு தூக்குச்சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தின்னு. உனக்குன்னு செஞ்சதைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். நீ சொல்லாம இருந்திருந்தா நான் இன்னும் எத்தனை திங்கக்கிழமை சும்மா உக்காந்திருப்பேனோ. இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு."

பிரகதீஸ்வரி முதலில் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். சபையில் பெயர் சொல்லத்தான் தடை, வெளியே தாழ்வாரத்தில் தனியாகச் சொல்லத் தடையில்லை என்றார் அவர். அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்துக்கும் விவரத்தை அனுப்பச் சொன்னார். பிறகு அவள் ஹம்தானைக் கூப்பிட்டாள்.

"அன்று கடைசி வரி முக்கியமில்லை என்று சொன்னேன். அது உண்மையில்லை. அந்த வரிக்குப் பின்னால் எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இருக்கிறான்."



"அன்றே சொல்லியிருக்கலாமே," என்றார் ஹம்தான்.

"சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை."

"நான் உறுதி தர முடியாது. பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அனுப்புங்கள்."

திங்கட்கிழமை ரஹ்மத் பீவியோடு திருவாரூர் கலெக்டர் ஆபீசுக்கு அவளும் போனாள். தான் யாரென்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அம்மாளுக்கு மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டரை மணி நேரம் அவர் பின்னால் வரிசையில் நின்றாள். எழுபது வினாடி எவ்வளவு நீளம் என்று அங்கே நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஹம்தான் கூப்பிட்டார். முதலாளி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், பாஸ்போர்ட் இந்தியத் தூதரகத்துக்குப் போய்விட்டது, காகித வேலை முடிந்து பையன் புறப்பட இன்னும் மூன்று வாரம் ஆகலாம் என்றார். பிரகதீஸ்வரி செருப்புக்கூடப் போடாமல் ரஹ்மத் பீவி வீட்டுக்கு ஓடினாள்.

அந்த அம்மாள் அப்போது தொழுகை முடித்துப் பாயில் உட்கார்ந்திருந்தார். செய்தியைக் கேட்டு இரண்டு கைகளையும் ஏந்தினார். உதடு அசைந்தது. பிறகு கேட்டார்:

"அந்தத் தம்பிக்கு அம்மா இருக்காங்களா?"

"எந்தத் தம்பிக்குக்கா?"

"அதான், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சே. அவங்க அம்மா பேரு என்னன்னு கேளு. பேர் சொல்லி துஆ செஞ்சு வேண்டிக்கணும்."

எந்த அரசாங்கமும் இப்படி ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்து அனுப்புவதில்லை. எப்படிக் கேட்பது என்று ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு, அந்த அம்மாள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள்.

பதில் உடனே வரவில்லை. ரஹ்மத் பீவி பாயை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. கால் மணி கழித்துப் போனில் ஹம்தானின் பதில் வந்தது.

"அம்மா பெயர் ஹாஃபிஸா. மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வேலை வழியில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதுவரை அவரைப் பற்றிக் கேட்டதில்லை."

பிரகதீஸ்வரி அதைத் தமிழில் சொன்னாள்.

"ஹாஃபிஸா," என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார் ரஹ்மத் பீவி. தன் மகனுக்காக ஐந்து மாதமாக ஏந்திய அதே கைகளை, பார்த்தறியாத அந்தத் தாய்க்காக மறுபடி ஏந்தினார். பிரகதீஸ்வரியும் பாயின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.