ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

"நீங்க வேலை முடிச்சுக் கிளம்பிட்டீங்கக்கா" என்றான் வாட்ச்மேன்.

"நான் இன்னும் உள்ளயே வரலையே தம்பி."

"எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியலையே."

'இது' என்று அவன் காட்டியது சலவைக் கூடத்தின் வாசலில் அன்று காலைதான் மாட்டியிருந்த டேப்லெட்டை. நேற்று வரை அந்த ஆணியில் கையெழுத்து நோட்டு ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நோட்டு, சுவரில் ஒட்டும் ஷிப்ட் தாள், ஆபீஸில் கணக்கர் வைத்திருந்த எக்செல், வண்டி ஓட்டுகிறவர்களின் டைரி என்று இருந்ததையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சிஸ்டம் என்று முதலாளி கொண்டுவந்துவிட்டார். வருகிறவர்கள் தங்கள் போன் நம்பரை அதில் அடிக்க வேண்டும். போகும்போதும் அடிக்க வேண்டும். அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும் என்றார்கள்.

மடிப்புக்காரி இன்னொரு முறை அடித்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வரும் போர்வைகளைத் துவைத்து இஸ்திரி போட்டபின் மடித்து அடுக்குவது அவள் வேலை. பச்சை எழுத்தில் பதில் வந்தது. 'காலை ஷிப்ட் முடிந்தது. நன்றாக ஓய்வெடுங்கள்.'

"ஓய்வெடுக்கணுமாமே! அத்தைக்கு ஊட்டிவிட்டு, வாயத் தொடச்சுவிட்டு, குடுகுடுன்னு ஓடி வர்றேன் நான்."

"எனக்குப் பொறாமையா இருக்குக்கா. வராமலேயே முடிச்சுட்டீங்க."

"விளையாடாத. கேட்டைத் திற."

"திறந்தா என் வேலை போயிடும். கிளம்பின ஆள் திரும்ப வந்தா சிவப்பு விளக்கு எரியுமாம்."

சத்தம் கேட்டு பென்சில் அக்கா வந்தாள். அவள் கூடத்தின் சூப்பர்வைசர். காதில் எப்போதும் பென்சில் இருக்கும், அதனால் அந்தப் பேர். அவள் பின்னாலேயே சிஸ்டத்தை நிறுவ வந்திருந்த பெண், கழுத்தில் அட்டையும் கையில் லேப்டாப்புமாக வந்தாள்.

"காலைல இந்த நம்பரை யாரோ அடிச்சிருக்காங்களே" என்றாள் அந்தப் பெண்.

"என் வீட்டுக்காரர்தான் அடிச்சிருப்பார். பாய்லர் பாக்கறாரே."

"அவர் நம்பர் என்ன?"

"இதேதான்."

"சரி, உங்க நம்பர் என்ன?"

"இதேதாம்மா. எங்க வீட்ல ஒரு போன்தான். அது வீட்டை விட்டு வெளிய வராது. மாமியார்கூட யார் இருக்காங்களோ அவங்க கையில இருக்கும்."

அந்தப் பெண் லேப்டாப்பில் எதையோ தேடினாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதான் பார்த்தேன். பழைய எக்செல்ல இருந்து ஆட்களை ஏத்தும்போது, ஒரே நம்பர், ஒரே விலாசம் இருந்தா ரெண்டு தடவை எழுதிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டு சிஸ்டமே ஒண்ணாச் சேர்த்துடும். இதுல நீங்க ரெண்டு பேரும் ஒரு ஆள்."

பென்சில் அக்கா சிரித்த சிரிப்பில் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. கூடத்தில் அது பழைய கேலி. அந்தப் புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அங்கே யாரும் இல்லை. அவன் காலையில் வந்து மதியம் போவான். அவன் வீடு சேர்ந்ததும் அவள் கிளம்புவாள். அரை மணி தாமதமாகத்தான் வருவாள், பென்சில் அக்கா அதைக் கண்டுகொள்ள மாட்டாள். மாமியாருக்கு ஞாபகம் தவறிப்போய் வருஷக் கணக்காகிறது. தனியாக விட்டால் கதவைத் திறந்துகொண்டு நடந்துவிடுவாள். ஒரு தடவை பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டாள். அந்நியர் வந்து உட்கார்ந்தால் கத்துவாள். ஆகவே வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்தாக வேண்டும். 'ஒரே ஆள்தான் மீசை வச்சுக்கிட்டு ஒரு தடவை, மீசை இல்லாம ஒரு தடவை வந்து ரெண்டு சம்பளம் வாங்குதோ' என்று கூடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். கேலியாகச் சொன்னதை இந்தச் சிஸ்டம் மெய்யென்றே நம்பிவிட்டதே!

"பிரிச்சு விடும்மா" என்றாள் மடிப்புக்காரி.

"சேர்த்ததைப் பிரிக்க முடியாதுக்கா. உங்களைப் புதுசாப் போடறேன். ஆபீஸ்ல யாருமே எடுக்காத லேண்ட்லைன் ஒண்ணு இருக்கே, அந்த நம்பர் இப்போதைக்கு உங்களுது." தட்டினாள். நின்றாள். "ஒரு சிக்கல்."

"இன்னும் என்ன?"

"புது ஆளுங்களுக்கு முதல்ல பயிற்சி. பயிற்சி காலை ஷிப்ட்ல மட்டும்தான். நாளைக்குக் காலைல நீங்க வரணும். புது ஆள் முதல் நாளே வரலைன்னா, தானாப் பேரை எடுத்துடும்."

"எனக்கே மடிக்கக் கத்துக்கொடுத்தது இவதான். இவளுக்கு யாரு பயிற்சி கொடுக்கறது?" என்றாள் பென்சில் அக்கா.

"நீங்கதான்னு போட்டிருக்கு."

மடிப்புக்காரிக்கு அந்தக் கேலியெல்லாம் காதில் ஏறவில்லை. "காலைல அவரும் இங்க, நானும் இங்கன்னா, அத்தை?" என்று கேட்டாள். இன்றைக்கு உள்ளே விட வழியில்லை என்று வாட்ச்மேன் கையைப் பிசைந்தான்.

வீட்டுக்குத் திரும்பினாள். கதவைத் திறந்த புருஷன் மிரண்டு போனான்.

"என்ன ஆச்சு? வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

"இல்லைங்க. சேர்த்துக்கிட்டாங்க, புதுசா."

சொல்லி முடிக்க வெகு நேரம் பிடித்தது. அவனுக்குப் பாதி புரிந்தது. சொன்ன அவளுக்கே அவ்வளவுதான் புரிந்திருந்தது.

"அப்ப நான் அடிச்சா நீ வந்ததா ஆகுமா?"

"ஆச்சு. இனி ஆகாது."

"நான் லீவு போட்டா?"

"பாய்லரை யாரு பத்த வைப்பா? கூடமே நின்னுடும்."

"நீ போகாம இருந்தா?"

"பேர் போயிடும்."

இருவரும் உட்கார இடம் பார்த்தார்கள். அந்த அறையில் மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது. இரண்டாவது நாற்காலிக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை. அவன் தரையில் உட்கார்ந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கூச்சமாக இருந்ததால் எழுந்து, தானும் தரைக்கு வந்தாள். புருஷனின் பின்மண்டை நரைத்துவிட்டதை அப்போதுதான் பார்த்தாள். வாசற்படியில் நின்று 'மாத்திரை கொடுத்தாச்சு', 'கதவைத் தாழ் போடு' என்று பேசிப் போகிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது!

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் இருக்கீங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"யாரு போகப்போறீங்க?"

"யாரும் போகலை அத்தை. இன்னிக்கு ரெண்டு பேரும் இங்கதான்."

"அது எப்படி? ஒருத்தர் வந்தா ஒருத்தர் போகணும்." மாமியாருக்குக் குரல் நடுங்கிற்று. "யாரு போகப்போறீங்க?"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். கடைசியில் அவன் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தான். அதன் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"போயாச்சாடி?" என்று கேட்டாள்.

"போயாச்சு அத்தை" என்றாள் மருமகள். கதவுக்கு வெளியே அவன் செருமுவது கேட்டது.

மறுநாள் காலையில் நடக்க விட்டால் வழியில் எங்காவது போய்விடுவாள் என்று, மாமியாரைக் கடன் வாங்கிய சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு இருவருமே வந்தார்கள். வேறென்ன செய்வது? வீட்டில் யாரும் இல்லாததால் போனும் கூடவே வந்து மாமியாரின் மடியில் இருந்தது.

"யாரிது?" என்றான் வாட்ச்மேன்.

"எங்க அம்மா. ஒரு ஓரமா உட்கார்ந்திருப்பாங்க."

"சும்மா விட முடியாதுண்ணே. உள்ள வர்ற ஒவ்வொரு தலைக்கும் நம்பர் அடிக்கணும்." வாட்ச்மேன் குனிந்தான். "அம்மா, மடியில இருக்கற போனோட நம்பர் என்னம்மா?"

வீட்டு விலாசத்தை மறந்தவள், மகன் பேரை மறந்தவள், அந்த நம்பரை மட்டும் கடகடவென்று ஒப்பித்தாள். எப்போதாவது வழி தவறினால் சொல்லட்டும் என்று மருமகள் பாட்டு மாதிரி பழக்கி வைத்திருந்தாள். வாட்ச்மேன் அப்படியே அடித்துவிட்டான்.

'வருக, பாய்லர் ஆபரேட்டர். உங்கள் ஷிப்ட் தொடங்கிவிட்டது.'

"ஐயோ" என்றான் மகன். அவசரமாகத் தானும் அடித்தான். 'நீங்கள் ஏற்கனவே உள்ளே இருக்கிறீர்கள்' என்று வந்தது.

"உள்ள இருக்கறவர் ஏன் வெளிய நிக்கறீங்க, போங்க" என்று வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான். அவனும் குழம்பிப் போயிருந்தான்.

சிஸ்டம் பெண் ஓடிவந்து லேப்டாப்பை மடிப்பு மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் மாமியார் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். ஒரு வழி இருக்கு" என்றாள் அந்தப் பெண். "இன்னார் ரெண்டு பேரும் ஒரே ஷிப்ட்ல வரவே கூடாதுன்னு ஒரு விதி போடலாம். அது பயிற்சி விதிக்கு மேல. போட்டா உங்களுக்கு மதிய ஷிப்ட்தான் வரும், பேரும் போகாது."

"போடு, போடு" என்றாள் பென்சில் அக்கா.

"காரணம் கேட்குது. தகராறு, புகார், மிரட்டல். இந்த மூணுல ஒண்ணு. வேற இல்லை."

"மாமியார்னு இல்லையா?"

"இல்லைக்கா. அடிச்சுக்கற ஆளுங்களுக்காக வச்ச விதி இது."

"தகராறுன்னு போடு. கல்யாணம் ஆனவங்கதானே, இல்லாமலா இருக்கும்" என்றாள் பென்சில் அக்கா.

பாய்லரைப் பற்றவைத்துவிட்டுப் புருஷன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். அந்தப் பெண் ஒரு தடவை இருவரையும் பார்த்தாள். "கேட்டுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வரவே கூடாது. இதுதானே வேணும்?"

கேள்வியை இதுவரை யாரும் அவர்களிடம் இப்படிக் கேட்டதில்லை. பென்சில் அக்கா பென்சிலால் எழுதுவாள், அவர்கள் வருவார்கள், போவார்கள். இப்போது அவன் அவளைப் பார்த்தான். அவள் துண்டைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

"எந்தத் தேதி வரைக்கும்?"

"என்ன தேதி?"

"விதி எப்ப முடியணும்னு தேதி போடணும். போடாம விட மாட்டேங்குது."

மடிப்புக்காரியின் பார்வை மாமியார் பக்கம் போயிற்று. அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன கேட்டோம் என்பது அதற்குள் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, "நானே ஏதாவது ஒண்ணு..." என்று தடுமாறினாள்.

"தள்ளிப் போடும்மா" என்றான் மகன். "எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம்."

அவள் விரலால் வருஷங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நாள்காட்டி நின்றுவிட்டது. "இதுக்கு மேல போகலைங்க."

மடிப்புக்காரி எட்டிப் பார்த்தாள். "அப்ப நமக்கு என்ன வயசுங்க இருக்கும்?"

அவன் மனசுக்குள் கூட்டினான். "இப்ப அம்மாவுக்கு இருக்கறதை விட ஜாஸ்தி."

"அடேயப்பா. அதுவரைக்கும் உங்ககூடத் தகராறு."

"அழுத்தட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"அழுத்து கண்ணு."

மாமியார் துண்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். முகம் கலங்கிற்று.

"ரெண்டு பேர் இருக்கீங்க. யாரு போகப்போறீங்க?"

"நான் போறேன் அத்தை. உங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன்" என்று மருமகள் நாற்காலியைத் திருப்பினாள். "என்னங்க, வீட்டுக்கு வரும்போது..." என்று தொடங்கினாள்.

"என்ன?"

"ஒரு நாற்காலி வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. "கிடக்கட்டும், வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வாசலில் வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான். "அம்மா வெளிய போறதா அடிச்சா, பாய்லர்ல ஆள் இல்லைன்னு மணி அடிக்குமே அக்கா."

"அடிக்காத தம்பி."

"அப்ப இவங்க உள்ளயே இருக்கறதாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்" என்று மடிப்புக்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மதியம் புருஷன் வீடு வந்ததும் இதே வாசலுக்குத் திரும்ப வேண்டும். மாமியார் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. வேலைக்கு நேரத்தில் வந்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது.