வெள்ளையடித்த சத்திரம்

பைக்கிலிருந்து இறங்கிய ஜெனிபர் ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து நின்றாள். பன்னிரண்டு நாளைக்கு முன் அவள் பார்த்துவிட்டுப் போன சத்திரம் பாசி படிந்து, கறுத்து, சுவரெங்கும் மழைநீர் ஒழுகிய கோடுகளோடு இருந்தது. இப்போது அது நீலம் கலந்த சுண்ணாம்பில் கண்ணைக் கூசவைத்தது. வாசலின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே மாவிலைத் தோரணம்.

"இன்னா ஜெனி, கட்டடத்துக்குக் கல்யாணமா?" என்றான் ராபின்.

அவள் வாசல் வளைவுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் எழுத்து இருந்தது. இப்போது அங்கே எதுவும் இல்லை. ஒரே வெள்ளை.

மணி மூன்றே கால். ஐந்து மணிக்குள் அந்த எழுத்தின் படம் திருவள்ளூருக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஜெனிபரும் ராபினும் கணவன் மனைவி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் கதவுகளுக்குத் தகடு அடித்துப் பெயின்ட் பூசும் ஒரே கம்பெனியில் வேலை. அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவள் பூசி முடித்த தகடுகளில் குறை பார்க்கிறாள். வார விடுமுறை எந்தக் கிழமை விழுந்தாலும் பழைய கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மாவட்டத்தின் பழைய கட்டடங்களைப் படம் பிடிக்கக் கிளம்பிவிடுவாள். ஒன்றரை ஆண்டில் நாற்பத்தாறு கட்டடங்கள் ஆகிவிட்டன. அவற்றில் ஓர் உப்புக் கிடங்கு இப்போது படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவள் அனுப்பிய படங்களில் ஆண்டுக்கு ஆதாரம் இல்லை என்று கடிதம் வந்த வாரத்திலேயே அதை இடித்துவிட்டார்கள்.

இந்தச் சத்திரமேட்டுச் சத்திரத்துக்கும் நாள் குறித்தாகிவிட்டது. சாலை அகலமாகிறது, திங்கட்கிழமை இயந்திரம் வரும். மாவட்டப் பழங்கட்டடப் பட்டியலில் இடம்பெற்றால் சாலை பன்னிரண்டு அடி தள்ளிப் போகும். அதற்கு 1850க்கு முன் கட்டியது என்று படத்தோடு காட்ட வேண்டும். பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்கு மூடப்படுகிறது.

சென்ற முறை அவள் எடுத்த படத்தில் 'விளம்பி வருஷம்' என்ற சொற்கள் தெளிவாக விழுந்திருந்தன. பக்கத்தில் ஆங்கில ஆண்டும் இருந்தது. ஒன்று, எட்டு, அப்புறம் ஒரு குளவிக் கூடு, அப்புறம் எட்டு. பட்டியலைத் தயாரிக்கும் அலுவலர் சுமலதா அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். விளம்பி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1838ம் விளம்பி, 1898ம் விளம்பி. கூட்டுக்குள் இருப்பது மூன்றா ஒன்பதா என்று தெரியாமல் அவரால் எதுவும் செய்ய முடியாது.

அதனால் சத்திரத்தின் சாவியை வைத்திருக்கும் தேசப்பனிடம் ஜெனிபர் ஒரே ஒரு உதவிதான் கேட்டிருந்தாள். குளவிக் கூட்டை மட்டும் எடுத்துவையுங்கள்.

தேசப்பன் வரப்பு வழியாக வேகமாக வந்தார். பின்னால் அவர் மனைவி மணியம்மாள். இருவர் முகத்திலும் பாராட்டை எதிர்பார்க்கும் சிரிப்பு.

"கூட்ட எடுத்தா அந்த எடம் மட்டும் வட்டமா சொறி புடிச்ச மாதிரி தெரிஞ்சிதும்மா," என்றார் தேசப்பன். "போட்டோ புடிக்க வர்ற பொண்ணு, இன்னா நெனைக்கும்? பொங்கலுக்கு ஊட்டுக்கு அடிக்கிறதோட இதுக்கும் சேர்த்து அடிச்சிட்டோம்."

"ரெண்டு கோட்டு," என்றாள் மணியம்மாள். "கஞ்சத்தனம் பண்ணல."

ஜெனிபருக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக் கோபப்பட முடியவில்லை. எழுத்து போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். எழுத்து இல்லையென்றால் சத்திரமும் போய்விடும் என்பதை ராபின் சொன்னான்.

தேசப்பனின் சிரிப்பு நின்றுபோனது. அடுத்த நொடி ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் அவர் கையில் இருந்தன. ராபின் குறுக்கே நின்று வாளியைப் பிடித்துக்கொண்டான். அது கல்லில் வெட்டிய எழுத்தல்ல, சுண்ணாம்புக் காரையில் கீறியது. தேய்த்தால் வெள்ளையோடு எழுத்தும் உதிர்ந்துவிடும்.

"தொட்டுடாத நைனா. கையக் கட்டிக்கினு நில்லு, போதும்."

"நான் பண்ண வேலப்பா இது," என்றார் தேசப்பன். வாளியை விடவில்லை.

நெல் ஏற்ற நிறுத்தியிருந்த டிராக்டரின் டிரெய்லரைச் சுவரோரமாகக் கொண்டுவரச் சொல்லி, ஜெனிபர் அதன் மேல் ஏறினாள். வளைவுக்கு மேலிருந்த சுவர் இப்போது அவள் முகத்துக்கு நேராக இருந்தது. எட்டடி தள்ளியிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. விரல் வைக்கப் பயம். ஷிப்டில் ஒரு நாளைக்கு முந்நூறு தகடுகளிடம் செய்வதைப் பழக்கத்தில் இங்கும் செய்தாள். கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து, ஒரு கண்ணை மூடி, சுவரின் மேலாக ஓட்டிப் பார்த்தாள்.

வெள்ளைக்குள் பள்ளம் தெரிந்தது. மிக லேசான பள்ளம். ஆனால் இருந்தது.

"யோவ், இருக்குய்யா," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "மூடல. பள்ளம் ரொம்பல. உள்ள இருக்கு."

அதன் பிறகு அவள் பேசியதெல்லாம் உத்தரவுகள். கம்பெனியில் தகடு பார்க்கும் அறை இருட்டாக இருக்கும். வெளிச்சத்தை நேராக அடித்தால் எந்தக் குறையும் தெரியாது. டியூப் லைட்டைத் தகட்டை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் முடி அளவு பள்ளமும் நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே வேண்டியதும் இருட்டும் ஒரு சாய்ந்த வெளிச்சமும்தான்.

இருட்டுக்கு நெல் மூடும் தார்ப்பாய் வந்தது. மணியம்மாள் மொட்டைமாடிக்கு ஏறி அதன் விளிம்பைக் கைப்பிடிச் சுவரில் செங்கல் வைத்து நிறுத்தினாள். ராபின் மறுமுனையை டிரெய்லரைச் சுற்றி இழுத்துக் கட்டினான். வெளிச்சத்துக்கு, ராத்திரியில் பம்ப் செட் போடப் போகும்போது தேசப்பன் எடுத்துப்போகும் பெரிய சார்ஜ் டார்ச். உள்ளே மூன்று பேர், கேமராவைத் தாங்கும் முக்காலி, நெல் தூசி. ராபின் தொடர்ந்து நாலு தும்மல் போட்டான். ஒவ்வொன்றுக்கும் டிரெய்லர் ஆடியது.

"இன்னொரு வாட்டி தும்முனா கீழ தள்ளிடுவேன்," என்றாள் ஜெனிபர்.

மணி நாலு இருபது. டார்ச்சைத் தேசப்பன்தான் பிடித்தார். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முதலில் மேலேயிருந்து, சுவரை ஒட்டிக் கீழ் நோக்கி.

வெள்ளைச் சுவரில் எழுத்துகள் எழுந்து வந்தன. 'வி' வந்தது, 'ளம்' வந்தது. தேசப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தார். சிறு வயதிலிருந்து இந்த வாசலில் நுழைந்து வருகிறவர் அவர், ஒரு நாளும் இதைப் படித்ததில்லை. ஒன்று, எட்டு, மூன்றாவது, எட்டு. நாலு இலக்கமும் நிழலோடு நின்றன.

"ஒம்போது," என்றான் ராபின் மெதுவாக.

ஜெனிபரும் அதைத்தான் பார்த்தாள். மேலே ஒரு வளைவு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. வலப்பக்கம் ஏதோ இறங்குகிறது. இடப்பக்கம் மங்கல். ஒன்பது என்றால் ஒன்பது. மூன்று என்றால் மூன்று.

அப்புறம்தான் உறைத்தது. கீறல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம் விளக்கைப் பிடித்தால் கீறல் மறைந்துபோகும், குறுக்கே பிடிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவளைத் தினமும் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது இதுதான். மேலிருந்து வரும் வெளிச்சம் படுக்கைக் கோடுகளை மட்டுமே காட்டும். நின்ற கோடுகளைக் காட்டாது.

"ண்ணா, டார்ச்ச இடது பக்கம் கொண்டாங்க. இன்னும். செவுத்தோட ஒட்டி. அப்படியே, ஆடாம."

வெளிச்சம் பக்கவாட்டில் ஓடியது. எட்டுகள் இரண்டும் தெளிந்தன. அவற்றின் இடப்பக்க வளைவுகள் கறுப்பாக, கூர்மையாக விழுந்தன. அவற்றுக்கு நடுவே மூன்றாவது இலக்கத்தின் வலப்பக்கம் மட்டும் இரண்டு முறை வளைந்து இறங்கியது. இடப்பக்கம் சுவர் மொழுமொழுவென்று இருந்தது. அங்கே கீறல் ஏதும் இல்லை.

அவள் பதினோரு படம் எடுத்தாள். தேசப்பன் பிடித்த டார்ச் அசையவே இல்லை.

நாலு நாற்பத்தெட்டுக்குப் படங்கள் போயின. நாலு ஐம்பத்திரண்டுக்குச் சுமலதா அழைத்தார். ஒன்பதின் இடப்பக்கக் கோட்டைச் சுண்ணாம்பு மூடியிருக்கலாமே என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஜெனிபர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், ரெண்டு பக்கமும் எட்டு இருக்குது. அதே ஆளுதான் கீறியிருக்காரு, அதே பிரஷ்ல அதே ரெண்டு கோட்டு வெள்ளை. எட்டுல இடது பக்கம் மூடல. பக்கத்துலயே இருக்கிறதுல மட்டும் எப்படி மேடம் மூடும்? இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இல்ல, அதான் தெரியல."

அந்தப் பக்கம் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் போலிருந்தது. ராபின் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான். மாடியிலிருந்து மணியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தெட்டு," என்றார் சுமலதா. "பட்டியல்ல ஏத்திட்டேன்."

ஜெனிபர் டிரெய்லரிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராபின் கயிற்றை விட்டதும் தார்ப்பாய் மொத்தமும் தேசப்பன் மேல் சரிந்தது. உள்ளேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஊருக்கு முன்னால் தன் மனைவிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பதுபோல, தார்ப்பாயை விலக்கிக்கொண்டு மேலே பார்த்து ஆண்டை இரண்டு முறை உரக்கச் சொன்னார்.

சுமலதா இன்னும் தொடர்பில் இருந்தார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, மூடுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கிறது, கட்டடத்தின் தற்போதைய நிலை என்ன என்று கேட்டார்.

ஜெனிபர் நிமிர்ந்து சத்திரத்தைப் பார்த்தாள். மாலை வெயிலில் அது பளபளத்தது.

"நல்ல நிலைன்னு போடுங்க மேடம்," என்றாள். "வெள்ளையடிச்சு நாலு நாளாச்சு. ரெண்டு கோட்டு."