முதலாளியின் நாற்காலி

கோபம் வந்தால் கத்தியை மடக்கிவிடுவேன். முடிதிருத்தும் தொழிலில் என்னைப் போன்ற முன்கோபிக்கு வேறு வழியில்லை. அன்று, அந்த பர்னிச்சர் கடைக்காரருக்குப் பாதிச் சவரம் முடிந்திருந்தபோது மடக்கினேன்.

கடையில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் தபால்காரர் தலை முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு, அது காயட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அதனால் வந்தவரை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தேன். அது முதலாளியின் நாற்காலி. முதலாளி என்பது எங்கள் நாய். நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிடும் என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்.

வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது பக்கம் வந்தேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உங்ககிட்ட இருக்கிற நாய் என்னோடதுங்க. காலைல உங்க வீட்டம்மா கூட்டிட்டுப் போறதப் பாத்தேன். நல்லாத் தேறிடுச்சு. திருப்பிக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கத்தியை மடக்கி மேடையில் வைத்தேன்.

இந்த ஆள் யாரென்று தெரியாமலே இத்தனை நாளாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவர் என் வாடிக்கையாளர்தான். எலும்பும் தோலுமாக ஒரு நாயைக் கொண்டுவந்த யாரோ, "ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, முடியும்வரைகூட நிற்காமல் போய்விட்டதாக ஒருநாள் முடிவெட்டும்போது சொன்னார். ஊசி போட அவருக்கு மனசு வரவில்லை. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன என் மகள், அதைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

அதற்கு உணவுக்குழாய் தொளதொளத்துப் போயிருந்தது. விழுங்கியது வயிற்றுக்கு இறங்காது. நடுவழியில் தங்கி வெளியே வரும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய் உயிரை எடுக்கும். குணப்படுத்த மருந்து கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைத் தூக்கிச் சாப்பிட்டால் சாப்பாடு தன் பாரத்திலேயே இறங்கும் என்றார் மருத்துவர். நிமிர்ந்து உட்காரத்தானே எங்களிடம் நாற்காலி இருக்கிறது. குழந்தைகளுக்கு முடிவெட்டும்போது குறுக்கே போடும் பலகையைப் போட்டு, அதன்மேல் உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டினோம். கூழாகப் பிசைந்து ஊட்டுவது மனைவி. பள்ளி விட்டு வந்தால் மகள். சாப்பாடு இறங்கும்வரை தாடையைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை. அதுவரை வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள்.

மருத்துவர் இதையெல்லாம் இந்த ஆளிடமும் சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் நாற்காலி விற்கிறவர், சொந்த நாய்க்கு ஒன்று போடவில்லை.

"கொல்லச் சொல்லிட்டுப் போயிட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறீங்க?"

"பாதி மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான்" என்றார் தபால்காரர்.

கடைக்காரர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "அது கஷ்டப்படறதப் பாக்க முடியலங்க. இப்பதான் நல்லாயிடுச்சே. வீட்டுல பசங்களும் கேக்கறாங்க. ஆஸ்பத்திரி சீட்டு, தடுப்பூசிச் சீட்டு எல்லாம் என் பேர்லதான் இருக்கு."

எனக்குப் பயம் வந்தது. எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாலும் கேட்க நாதியில்லை. மகளிடம் என்ன சொல்வேன்?

அந்த நேரம் பார்த்து மனைவி கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். முதலாளி அவளை முந்திக்கொண்டு நேராக ஜன்னலோர நாற்காலிக்குப் போய், அந்த ஆள் முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது.

"பாத்தீங்களா. என்னை அடையாளம் தெரியுது." என்றார் கடைக்காரர்.

"அடையாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது சாப்பிடற எடம் அது. உங்கள எந்திரிக்கச் சொல்லுது" என்றேன்.

எழுந்தார். அவர் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து உதறி, முதலாளியின் கழுத்தில் கட்டினேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

மனைவி ஊட்ட ஆரம்பித்தாள். இரண்டு வாய் போனது. மூன்றாவது வாய்க்கு இருமி, உள்ளே போனதெல்லாம் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் என் கைமேல் வந்து விழுந்தது. அவள் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"இன்னும் சரியாகலையா?" என்றார் கடைக்காரர்.

"சரியாகாது. இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு வேளையும் இதேதான். உங்க நாய்தானே, வாங்க. தாடைய இப்படித் தாங்கிப் பிடிக்கணும்."

ஒதுங்கி இடம் விட்டேன். அவர் என் கையில் வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். தன் சட்டைக் கையைப் பார்த்தார்.

"கடையில ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. பசங்ககிட்ட வேற ஏதாவது சொல்லிக்கறேன். நீங்களே வச்சுக்கங்க." கன்னத்தில் காய்ந்திருந்த சோப்பைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, பாதித் தாடியோடு தெருவில் இறங்கிவிட்டார்.

"பீடை ஒழிஞ்சுது" என்றார் தபால்காரர்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் தலைக்கேறியது. நாய் வேண்டுமென்று வந்தவன், ஒரு நிமிடம் கை கொடுத்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? சண்டையாவது போட்டிருக்கலாம். முதல் தடவை மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போனான், இன்று என் கண்ணெதிரிலேயே விட்டுவிட்டுப் போகிறான்.

முதலாளி கழுத்தை வாசல் பக்கம் திருப்பியது. வால் பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு அவனை நன்றாகவே அடையாளம் தெரிந்திருந்தது. தாடையைப் பிடித்து நேராக்கினேன். மறுபடி திரும்பியது. கழுத்து திரும்பினால் சாப்பாடு இறங்காது.

"எப்படிப் பாக்குது பாரு, அந்தப் பாவியப் போயி" என்றேன்.

"பாத்துட்டுப் போகட்டும். அதுக்கு என்ன தெரியும்" என்றாள் மனைவி. "சாப்பாடு எறங்கணும், அதப் பாருங்க."

வாயில் வந்த வசவையெல்லாம் அவனுக்குக் கொடுத்துக்கொண்டே, நாற்காலி சுழலாமல் பிடிக்கும் பூட்டுக்கட்டையை மிதித்துத் தளர்த்தி, அதை வாசல் பக்கம் சுழற்றினேன். முதலாளியின் கழுத்து நேரானது. அது தெருவையே பார்த்துக்கொண்டிருக்க, தாடையைத் தாங்கிப் பிடித்தேன். சாப்பாடு இறங்கியது.